இன்னொரு முறை எழுதச் சொல்லுங்கள்

ஞாயிறு காலை டெஸ்ட். திங்கள் காலை அப்பாவின் செல்போனுக்கு மார்க். சித்தூரிலும் திருப்பதியிலும் இன்டர்மீடியட் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது பழகிப்போன விஷயம். பிசிக்ஸில் இத்தனை, கெமிஸ்ட்ரியில் இத்தனை, கேம்பஸில் எத்தனையாவது இடம். பையன் ஹாஸ்டலில் இருந்தால் சாயங்காலம் போனில், வீட்டிலிருந்து போய்வருபவன் என்றால் இட்லித் தட்டுக்கு முன்னாலேயே பேச்சு தொடங்கிவிடும். "போன வாரம் நாற்பதாவது. இந்த வாரம் தொண்ணூறா? என்னடா பண்ணிட்டிருக்கே அங்க?"

இந்தக் கேள்விக்குப் பதினாறு வயதுப் பிள்ளையிடம் பதில் கிடையாது. எந்தக் கணக்கில், எந்த வரியில் தப்பு நடந்தது என்று அவனுக்கே தெரியாது. ஓ.எம்.ஆர். தாளில் வட்டங்களை நிரப்பிக் கொடுத்தான், தாள் போய்விட்டது. அவன் கையில் மிச்சம் இருப்பது ஓர் எண். அந்த எண்ணை வைத்துக்கொண்டு அப்பா திட்டுகிறார், அம்மா அழுகிறார், வார்டன் முறைக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடுத்த டெஸ்ட் வந்துவிடுகிறது.

வளரும் பிள்ளைகள் ஒரு சொல்லைத் தாங்குவதில்லை என்ற புகார் இன்று எல்லா வீடுகளிலும் கேட்கிறது. ஏதாவது சொன்னால் கதவைச் சாத்திக்கொள்கிறான், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறாள், நாங்கள் வாங்காத அடியா, கேட்காத ஏச்சா என்கிறார்கள் பெற்றோர். அந்தப் புகாரில் பாதி நியாயம் இருக்கிறது. குறையைக் கேட்டுக்கொள்ளப் பழகாத பிள்ளை நாளைக்கு வேலையிலும் குடும்பத்திலும் திணறத்தான் போகிறது. ஆனால் பழக்கம் தானாக வராது. எது தப்பு என்று காட்ட வேண்டும். காட்டிவிட்டு அதைத் திரும்பச் செய்ய இடம் கொடுக்க வேண்டும். அந்த இடத்தைத் தராமல் சொல்லும் குறை, பிள்ளையின் காதில் தீர்ப்பாகத்தான் விழும். நம் பிள்ளைகள் வாரம் தவறாமல் கேட்பது தீர்ப்புகளை.

அம்மா திட்டும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள், வளரிளம் பருவத்தினரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, அவரவர் அம்மாவின் குரலிலேயே பதிவு செய்த விமர்சனத்தை 30 விநாடி கேட்கச் செய்தார்கள். உணர்ச்சி சம்பந்தப்பட்ட பகுதிகள் சுறுசுறுப்பாயின. உணர்ச்சியை அடக்கி ஆளும் பகுதிகளும், எதிரில் இருப்பவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிக்க உதவும் பகுதிகளும் மந்தமாயின. 2015இல் வெளியான இந்த ஆய்வில் பங்கெடுத்தவர்கள் சிலரே. இதை வைத்து எல்லாவற்றையும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனாலும் நாம் வீட்டில் தினமும் பார்ப்பதோடு இது ஒத்துப்போகிறது. "உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்" என்று நாம் சொல்லும் அந்த நிமிஷத்தில், நம் மனதைப் படிக்கும் நிலையில் பிள்ளை இல்லை. கொஞ்சம் ஆறட்டும் என்று பாட்டிமார் சொல்லிவந்தது இதைத்தான்.

மதனப்பள்ளிப் பையன்

பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் 1895இல் பிறந்த ஒரு சிறுவனின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். அப்பா ரெவின்யூ உத்தியோகஸ்தர். ஓய்வுபெற்ற பிறகு 1909இல் குடும்பம் சென்னை அடையாறுக்கு வந்தது. பையனை மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பாடம் மண்டையில் ஏறவில்லை. வாத்தியார் மந்தபுத்தி என்று முத்திரை குத்தி அநேகமாக தினமும் அடித்தார். வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்தில் நிற்கவைத்துவிட்டு மறந்தேபோவார். மூன்று வயது இளையவனான தம்பி நித்யானந்தா படு சூட்டிகை. அவன்தான் அண்ணன் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போவான் என்று வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அந்த அண்ணன்தான் பின்னாளில் உலகம் முழுக்கப் பேசிய ஜே.கிருஷ்ணமூர்த்தி.

வாழ்நாள் முழுவதும் கல்வி பற்றிப் பேசிய அவர் ஓயாமல் எதிர்த்தது ஒப்பிடுவதை. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு வைத்துப் பார்க்கும் கணத்தில் அந்தப் பிள்ளையைப் பார்ப்பதே நின்றுவிடுகிறது என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. பிறந்த ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் சுமாரில் உள்ள ஒரு பள்ளத்தாக்கை 1920களில் அவர் தேர்ந்தெடுத்தார். அங்கே எழுந்தது ரிஷி வேலி பள்ளி. அங்கே ரேங்க் கிடையாது. முதல் மூன்று பேருக்குப் பரிசு என்ற வழக்கம் கிடையாது. கீழ் வகுப்புகளில் பரீட்சைக்கு முக்கியத்துவம் இல்லை. இதையெல்லாம் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் ஐ.சி.எஸ்.இ., ஐ.எஸ்.சி. பொதுத் தேர்வு எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அது வசதியான வீட்டுப் பிள்ளைகள் கட்டணம் கட்டிப் படிக்கும் உறைவிடப் பள்ளி, அங்கே எல்லாம் நடக்கும் என்று சிலர் சொல்வார்கள். நியாயமான வாதம். அதற்கான பதிலும் அதே பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் பத்மநாப ராவ், ரமா தம்பதி அங்கே சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளுக்காக ஓராசிரியர் பள்ளிகளை நடத்தத் தொடங்கினார்கள். ஒரே அறையில் ஐந்து வகுப்புப் பிள்ளைகள். அவர்கள் பாடப்புத்தகத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்தார்கள். சுவரில் ஒரு கற்றல் ஏணி. ஒவ்வொரு படியிலும் முதலில் அறிமுகம், பிறகு பயிற்சி, பிறகு சோதனை. சோதனையில் தடுமாறினால் அந்த இடத்துக்கென்றே தனி அட்டைகள் உண்டு. அவற்றைச் செய்துவிட்டுப் பிள்ளை மறுபடி சோதனைக்கு வரும். யாரும் பெயில் இல்லை, யாரும் முதல் இல்லை. அவரவர் படியில் அவரவர்.

இந்த முறையைப் பார்த்துத்தான் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி.விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முயற்சி எடுத்துச் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் அது தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் பரவியது. அந்தத் திட்டத்தின் நிறைகுறைகள் பற்றி நிறையப் பேசலாம். எனக்கு அதில் பிடித்தது, தப்பு செய்த பிள்ளைக்கு அந்தத் தப்புக்கான அட்டை தயாராகக் காத்திருந்தது என்பதுதான். பழைய சித்தூர் மாவட்டத்துக் கிராமங்களில், மிகக் குறைந்த செலவில், எட்டு வயதுப் பிள்ளைக்குச் செய்து காட்டிய ஒன்றை அதே மண்ணில் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் கல்லூரிகள் பதினாறு வயதுப் பிள்ளைக்குச் செய்ய முடியாதா?

பாட்டு வாத்தியார்கள் எப்போதும் இப்படி, தப்பிய இடத்தைத் திரும்பச் செய்யவைத்துத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். புங்கனூரில் பிறந்து, காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளையிடம் குருகுலமாகப் பயின்று, 1954இல் சங்கீத கலாநிதி ஆன சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, அதே வழியில் மதுரை சோமுவைத் தயார்செய்தார். பாட்டு வகுப்பில் குறை ஒளிவுமறைவில்லாமல் வரும். தாளம் தப்பினால் அங்கேயே கை நிற்கும். ஆனால் அடுத்த மூச்சில் குரு அந்த சங்கதியைப் பாடிக் காட்டுவார், சிஷ்யன் திரும்பப் பாடுவான். சரியாக வரும்வரை இருவரும் அந்த வரியை விட்டு நகர மாட்டார்கள். குருகுலத்தில் கொடுமைகளும் இருந்தன, அதை மறுக்கவில்லை. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வரியில் ஒரு குறி

ஒரு விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 25 மீட்டர் உயரமான கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்தை விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மேலே எறிகிறார்கள். எத்தனை விநாடியில் தரைக்கு வரும்? இன்டர் முதல் வருடத்தில் இந்த வகைக் கணக்கு போடாத பிள்ளை கிடையாது. பையன் முதல் வரியில் 'மேல்நோக்கி ப்ளஸ்' என்று சரியாகவே எழுதியிருக்கிறான். ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்து மைனஸும் போட்டுவிட்டான். ஆனால் அடுத்த வரியில் இடப்பெயர்ச்சிக்கு மைனஸ் 25க்குப் பதிலாக வெறும் 25 போட்டுவிட்டான். அவ்வளவுதான். சமன்பாடு தீராது, வர்க்கமூலத்துக்குள் மைனஸ் 4 வந்து நிற்கும். அவன் திகைத்து, கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறான்.

இதற்குச் சிவப்பு மையில் பூஜ்யம் போடலாம். 'கேர்லெஸ்' என்று எழுதலாம். 'பேசிக்ஸே தெரியல, எப்படி ஐ.ஐ.டி. போவே?' என்று வகுப்பு நடுவில் கேட்கலாம். மூன்றும் நடக்கிறது. அல்லது இப்படி எழுதலாம்: 'மேல்நோக்கி ப்ளஸ் என்று நீயே எழுதியிருக்கிறாய், சரி. தரை உனக்கு மேலேயா, கீழேயா? அப்படியானால் 25க்கு என்ன குறி? இரண்டாம் வரியிலிருந்து திரும்பப் போட்டு நாளைக்குக் காட்டு.' எழுத ஒரு நிமிஷம் ஆகும். பையன் அதைப் போடுவான். 5 விநாடி என்று விடை வரும். தன் தப்பு ஒரு குறி அளவுதான் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். இனிமேல் யாராவது அவன் கணக்கில் குறை சொன்னால் 'எந்த வரி?' என்று கேட்கத் தோன்றும்.

இப்படித் திருத்தம் எழுதித் தருவது பற்றி அமெரிக்காவில் ஒரு நல்ல சோதனை செய்திருக்கிறார்கள். டேவிட் யேகர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த ஒரு நாயகரைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். ஆசிரியர்கள் வழக்கம்போலத் திருத்தங்கள் எழுதினார்கள். திருப்பிக் கொடுக்கும்போது பாதிப் பேரின் தாளில் ஒரு துண்டுச் சீட்டு: உன்னிடம் நான் நிறைய எதிர்பார்க்கிறேன், அதை உன்னால் எட்ட முடியும் என்று தெரியும், அதனால்தான் இவ்வளவு எழுதியிருக்கிறேன் என்ற பொருளில் ஒரு வாக்கியம். மீதிப் பேருக்குச் சாதாரணக் குறிப்பு. விரும்பினால் கட்டுரையைத் திருத்தி மறுபடி தரலாம் என்றார்கள். சாதாரணச் சீட்டு பெற்ற கறுப்பினப் பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர்தான் திருத்தித் தந்தார்கள். எதிர்பார்ப்பைச் சொன்ன சீட்டு பெற்றவர்களில் அது 70க்கு மேல் போனது. வெள்ளையினப் பிள்ளைகளிடம் 62 என்பது 87 ஆனது.

கறுப்பினப் பிள்ளைகளிடம் ஏன் இவ்வளவு பெரிய ஏற்றம்? இந்த ஆசிரியர் என் எழுத்தைக் குறை சொல்கிறாரா, என்னைக் குறை சொல்கிறாரா என்ற சந்தேகம் அவர்களுக்குத்தான் அதிகம். அந்தச் சீட்டு அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது. நம் பக்கத்துக்கு இதைக் கொண்டுவந்து பாருங்கள். நகரியிலும் குப்பத்திலும் சத்தியவேட்டிலும் தமிழ் வழியில் பத்தாவது வரை படித்த பிள்ளை, திருப்பதியில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்கிறது. வகுப்பில் தெலுங்கு, புத்தகத்தில் ஆங்கிலம். தெலுங்கில் இரண்டு வாக்கியம் பேசினால் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அந்தப் பிள்ளையிடம் "உனக்குப் புரியல" என்று சார் சொன்னால் அதற்கு எத்தனை அர்த்தம் தோன்றும்! கிராமத்திலிருந்து வந்தவள் என்று சொல்கிறாரா, தமிழ் பேசுகிறவள் என்று சொல்கிறாரா, சாதியை மனதில் வைத்துச் சொல்கிறாரா? உன்னால் முடியும் என்று தெரிந்துதான் இந்தத் திருத்தம் என ஒரு வரி வாய்விட்டுச் சொல்லும் ஆசிரியர், இந்தப் பிள்ளைக்குப் பெரிய உதவி செய்கிறார்.

மார்க் விஷயத்தில் இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் கண்டது இன்னும் கசப்பானது. குறிப்பு மட்டும் எழுதித் தந்த பிள்ளைகள் அடுத்த முறை முன்னேறினார்கள். மார்க்கும் குறிப்பும் சேர்த்துத் தந்த பிள்ளைகளுக்குக் குறிப்பால் பயன் கிடைக்கவில்லை. மார்க்கைப் பார்த்த கண் குறிப்புக்கு இறங்குவதில்லை.

சட்டம் வந்துவிட்டது

ஆந்திரத்தில் 2023 ஏப்ரல் 26 அன்று இன்டர் தேர்வு முடிவுகள் வெளியாயின. அடுத்த 48 மணி நேரத்தில் மாநிலத்தில் 9 மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. எந்த மரணத்துக்கும் ஒரே காரணம் இருப்பதில்லை. மார்க் ஒன்றுதான் காரணம் என்று எழுதினால் அது பொய். ஆனால் ஒரு முடிவைக் கேட்ட பிள்ளைக்கு அடுத்த வழி கண்ணுக்குத் தெரியவில்லை என்பது மட்டும் உறுதி.

அடுத்த வழியைக் காட்டுவதற்குத் தமிழ்நாட்டில் ஒரு முன்மாதிரி உண்டு. பன்னிரண்டாவதில் தவறியவர்கள் ஒரு வருடம் காத்திருக்காமல் அடுத்த மாதமே எழுதும் துணைத் தேர்வை 2000களின் தொடக்கத்தில் அரசு கொண்டுவந்தது. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பு வலியுறுத்திய யோசனைகளில் அது ஒன்று. ஆந்திரத்திலும் அட்வான்ஸ்டு சப்ளிமெண்டரி இருக்கிறது. ரிசல்ட் வரும் காலையில் வீட்டில் முதலில் சொல்ல வேண்டிய சொல் அந்தத் தேர்வின் தேதி.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்றுவந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கு அது. கல்வி நிறுவனங்கள், குறிப்பாகக் கோச்சிங் மையங்கள், மார்க் அடிப்படையில் பேட்ச் பிரிப்பதையும், எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்துவதையும், பிள்ளையின் சக்திக்கு மீறிய இலக்கு வைப்பதையும் இயன்ற அளவு தவிர்க்க வேண்டும் என்கிறது அது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனத்தில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். 14 வயது வரையிலான பிள்ளைகளை மனரீதியாகத் துன்புறுத்துவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2009லேயே தடைசெய்துவிட்டது. ஆனாலும் வாராந்தர டெஸ்ட் மார்க்கை வைத்து செக்ஷன் மாற்றும் வழக்கம் ஒழிந்துவிடவில்லை. செக்ஷன் இறக்கப்பட்ட பிள்ளை, பெட்டியையும் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு வராந்தா வழியாக இன்னொரு அறைக்கு நடக்கிறது. எது தப்பு என்று சொல்லாமல் தரும் தண்டனைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

வீட்டில் நாம் செய்வதும் இதன் சின்ன வடிவம்தான். "எதிர்வீட்டுப் பொண்ணைப் பாரு" என்ற ஒரே வாக்கியத்தில் பிள்ளையின் படிப்பும் புத்தியும் பிறப்பும் சேர்ந்து அடிபடுகின்றன. திட்ட வேண்டிய விஷயம் ஒன்று என்றால் அந்த ஒன்றோடு நிறுத்த வேண்டும். மார்க்கில் ஆரம்பித்து, செல்போனுக்குப் போய், போன வருடக் கல்யாணத்தில் பெரியப்பாவிடம் மரியாதை இல்லாமல் பேசியதில் முடிக்கக் கூடாது. உறவுக்காரர் முன்னால் பேசவே கூடாது. சாப்பிடும்போது வேண்டாம். பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டால் அரை மணி நேரம் விடுங்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "எந்தக் கணக்குடா மாட்டிச்சு, காட்டு" என்று கேளுங்கள். நமக்கு அந்தக் கணக்கு தெரியாமல் இருக்கலாம். அதனால் ஒன்றும் குறையவில்லை. அதை நமக்கு விளக்கிச் சொல்லும்போதே பாதி நேரம் அவனுக்குத் தப்பு பிடிபட்டுவிடும்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. யார் குறை சொன்னாலும் உடனே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம். "சார், எந்த ஸ்டெப்?" என்று கேளுங்கள். அதற்கு ஒரு பதில் வந்தால் எழுதிவைத்துக்கொண்டு, அன்று இரவே அந்த ஸ்டெப்பைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். கோபமாகச் சொல்லியிருந்தாலும் சொன்னது உண்மையாக இருக்கலாம்; கோபத்தைத் தள்ளிவிட்டு அந்த வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பதிலே வராத குறைகளும் உண்டு. நிறம், உடம்பு, சாதி, பேசும் பாஷை, அப்பாவின் வேலை. இவற்றில் திருத்த ஒன்றுமில்லை. அவற்றை ஏற்க வேண்டியதில்லை. வீட்டிலோ நம்பகமான ஆசிரியரிடமோ சொல்லிவிட வேண்டும். மனது தாங்க முடியாமல் கனத்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம், காசு கிடையாது.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும் அப்பா அம்மாக்களிடம் ஒரு வேண்டுகோள். ரேங்க் எத்தனை, ஐ.ஐ.டி. கிடைக்குமா, எந்த செக்ஷன் என்ற கேள்விகளைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். முதலில் இதைக் கேளுங்கள்: "டெஸ்ட் பேப்பரைப் பிள்ளைகிட்ட திருப்பிக் கொடுக்கறீங்களா? தப்புப் போட்டதைத் திரும்பப் போட வெக்கறீங்களா?" கட்டணம் கட்டுகிறவர்கள் நாம், கேட்க உரிமை உண்டு. பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் கல்லூரி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.